அக்காவின் எடைக்கு ஒரு ஆக்ஸில்

என் அக்கா இருபத்து நான்கு வருடம் டவுன் பஸ் ஓட்டியவள். அவ்வளவு பெரிய வண்டியோடு வாரம் முழுக்க மல்லுக்கட்டுகிறவள் லீவு நாளிலாவது காலை நீட்டிப் படுப்பாள் என்றுதானே நினைப்பீர்கள்? மாட்டாள். சொந்தச் சம்பளத்தில் வாங்கிய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தாள். இரண்டே சீட்டு, தரையோடு தரையாக ஊர்கிற உயரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பக்கத்து சீட்டில் மாமா.

அக்கா வீட்டுக்காரர் தையல்காரர். தையல் மிஷினை மிதிப்பதோடு சரி, கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டார். "அவ ஓட்டுறா, நான் வேடிக்கை பார்க்கிறேன். நடுவுல நான் வேற எதுக்கு?" என்பார். வாரத்தில் ஆறு நாள் அவர் கடையில் இருப்பார், அவள் ரோட்டில் இருப்பாள். ஏழாம் நாள்தான் இரண்டு பேரும் பக்கம் பக்கமாக உட்காருவது. அந்த நாலு மணி நேரத்தில் என்னதான் பேசிக்கொள்வார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் திரும்பி வரும்போது இரண்டு முகமும் கழுவி வைத்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருக்கும்.

போன வருடம் அக்காவுக்கு முதுகுத் தண்டில் ஆபரேஷன் ஆனது. நல்லபடியாகவே முடிந்தது. பஸ்ஸை மறந்துவிடுங்கள், கார் ஓட்டலாம், ஆனால் குலுக்கல் மட்டும் கூடாது என்றார் டாக்டர். அவர் சொல்லிவிட்டார். அக்காவின் கார் கேட்க வேண்டுமே! அதன் பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஆக்ஸில் ஒரே இரும்புத் தண்டு. இந்தப் பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்தப் பக்கச் சக்கரமும் சேர்ந்து குதிக்கும். அதற்குக் கீழே லாரியில் இருப்பது போலப் பட்டை பட்டையாக ஸ்பிரிங். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை ஓட்டிப் பார்த்தவள் தெருமுனையிலிருந்தே திரும்பி வந்துவிட்டாள். வண்டி மேல் உறையை இழுத்துப் போட்டாள். மூன்று மாதம் கழித்து, வித்துவிடலாம் என்றாள். பல் டாக்டர் ஒருவர் வாங்கிக்கொள்வதாக ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

அதற்கு மறுநாள் மாமா என் பட்டறைக்கு வந்தார். நான் லாரி மெக்கானிக். முப்பது வருடமாக லாரியைத் தவிர வேறு எதிலும் கை வைத்ததில்லை. கோபக்காரன் என்று பெயர் எடுத்தவன், அது சும்மா வந்த பெயரும் இல்லை.

"மச்சான், அந்தக் காரையே அப்புறம் புதுசா மாத்தி விட்டிருக்காங்கல்ல, அதுல பின் சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஆடுமாம். ஒண்ணு குதிச்சா இன்னொண்ணு சும்மா இருக்குமாம். அந்தப் பின்பக்கத்தை எடுத்து இதுல வெக்க முடியுமா?"

"மாமா, சட்டைக்குக் கை மாத்துற வேலைன்னு நினைச்சீங்களா?"

"சட்டைக்குக் கை மாத்துறதும் லேசு இல்ல மச்சான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கழுத்தில் தொங்கிய இஞ்சி டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"போன வாரம் துணி எடுக்க பஸ்ல போனேன். முழுக்க டிரைவர் சீட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். இறங்க வேண்டிய இடத்தை விட்டுட்டேன். அவ பக்கத்துல உட்கார்ந்து போகாம எனக்கு ஒண்ணும் புரிய மாட்டேங்குது."

ஐம்பத்தாறு வயது மனிதர் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பழைய வண்டிகளை உடைக்கிற இடத்துக்கு இரண்டு பேரும் போனோம். அதே காரின் அடுத்த தலைமுறை ஒன்று முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. பின்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆக்ஸில், சுருள் ஸ்பிரிங், சக்கரங்களைப் பிடித்திருக்கும் நான்கு இரும்புக் கைகள் என்று எல்லாவற்றையும் சட்டத்தோடு சேர்த்து மொத்தமாகக் கழற்றிக்கொண்டு வந்தோம்.

ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. புதுசு பழையதைவிட இரண்டு விரற்கடை அகலம். மாமா துணியில் குறி போடும் தன் சாக்பீஸால் வண்டியின் அடியில் கோடு போட்டுக் கொடுப்பார், நான் அந்தக் கோட்டில் வெட்டி, சட்டத்தைத் தாங்க இரும்புத் தகடு வைத்து வெல்டு அடிப்பேன். இன்ஜினிலிருந்து பின்னால் வரும் ஷாஃப்ட் நீளம் போதாமல் லேத்தில் கொடுத்து நீட்டிக்கொண்டு வந்தோம். ஹேண்ட்பிரேக் கம்பி ஒத்துவராமல் இரண்டு நாள் என் உயிரை எடுத்தது. ஒரு முறை ஸ்பேனர் நழுவி மணிக்கட்டில் நீளமாகக் கிழித்துவிட்டது. மாமாதான் துணி கட்டினார். அவர் கட்டினால் மடிப்புக்கூடக் கலையாது.

அக்கா முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டு பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.

"விக்கப்போற வண்டிக்கு எதுக்குடா இவ்ளோ அலங்காரம்?"

"நீ ஓட்டிப் பார்த்துட்டு வித்துக்கோ. யாரு வேண்டாம்னா?"

"இவன் பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணே கால்தான்," என்று மாமாவிடம் முறையிடுவாள். ஆனால் ஆறு வாரமும் தவறாமல் வந்தாள்.

கடைசி நாள், வண்டி நான்கு ஸ்டாண்டு மேல் அந்தரத்தில் நிற்க, சக்கரங்கள் தொங்க, அந்த நான்கு கைகளின் எட்டு போல்ட்டையும் என் நீளமான கம்பியைப் போட்டுக் காலால் உதைத்து இறுக்கினேன். இனி இது அசைந்தால் என்னைக் கேளுங்கள் என்று மாமாவிடம் பீற்றிக்கொண்டேன்.

வண்டி கீழே இறங்கியது. அக்கா ஏறினாள். மாமா அவசரமாகப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பெரிய ரோடு வரை போய்க் கால் மணி நேரத்தில் திரும்பினார்கள்.

"எப்படிக்கா?"

"சூப்பர்டா. வலியே இல்ல."

மாமா இறங்கி வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அக்கா இறங்கவில்லை. கண்ணாடியைத் திருப்பினாள். டேஷ்போர்டு அறையைத் திறந்து பழைய காகிதங்களை அடுக்கினாள். மறுபடி கலைத்து அடுக்கினாள். ஐந்து நிமிடம் அப்படியே போனது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வலது கையின் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்தோம்? டயரைப் பற்றிப் பேசினோம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை மாமா வந்து என் டூல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"பல் டாக்டருக்கு போன் பண்ணிட்டா. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கச் சொல்லிட்டா. கேட்டா, ஆசை விட்டுப்போச்சுங்கிறா."

"வலிக்குதுன்னு சொன்னாளா?"

"சொல்லமாட்டா. தூக்கத்துல புரண்டு படுக்கிறப்போ பல்லைக் கடிக்கிறா. நான் தூங்குற மாதிரி படுத்திருக்கேன். அவ பொய் சொல்றா, நான் நம்புற மாதிரி நடிக்கிறேன். இருபத்தேழு வருஷத்துல எங்க வீட்ல இப்படி ஒரு நாடகம் நடந்ததே இல்ல மச்சான்."

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வலிச்சா வலிக்குதுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே! வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். என் மணிக்கட்டுத் தழும்பைக் காட்டினாள்.

"ஆறு வாரம் மல்லாக்கப் படுத்து மண்ணைத் தின்னுருக்கே. அந்த மனுஷன் ஒரு ஞாயித்துக்கிழமைகூட ஓய்வெடுக்காம உன்கூட வந்து கிடந்தார். உங்க மூஞ்சியைப் பார்த்து எப்படிடா சொல்றது?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன், எப்படி வலிக்கிறது என்று. இருபத்து நான்கு வருடம் ஸ்டியரிங் பிடித்தவள் அல்லவா, டாக்டரிடம் சொல்வதைவிடத் துல்லியமாகச் சொன்னாள்.

"முன்னாடி குதிக்கும். இப்ப குதிக்கல. ஆனா முட்டுது. சின்னக் கல்லு மேல ஏறினாலும் கீழேர்ந்து யாரோ முட்டியால இடிக்கிற மாதிரி இருக்கு."

"அந்த ஆக்ஸில் அப்படி முட்டக் கூடாதே. உடைக்கிற கடைக்காரன் எதையோ மோசமான சாமானைத் தள்ளிவிட்டுட்டான்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சொல்லிவிட்டு மறுபடி கத்தியை எடுத்தாள்.

சுருக்கென்றது. சனிக்கிழமை காலை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து ஸ்பிரிங்கைப் பார்த்தேன், ஷாக் அப்சார்பரைப் பார்த்தேன், வெல்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. மாமா வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து பின் மட்கார்டு விளிம்பு வரை டேப்பைப் பிடித்தார்.

"மச்சான், ஏறி டிரைவர் சீட்ல உட்காரு."

உட்கார்ந்தேன்.

"இறங்கு."

இறங்கினேன்.

"ஏறு."

"என்ன மாமா, மரப்பாச்சி விளையாட்டா?"

"உன்னை மாதிரி ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தா வண்டி இறங்கணுமா வேண்டாமா? கால் இஞ்சிகூட இறங்கல." டேப்பைச் சுருட்டிக்கொண்டே யோசித்தார். "பேண்ட் தைக்கிறப்போ ஆளு நின்னா அழகாத்தான் இருக்கும். உட்கார்ந்தாத்தான் எங்க பிடிக்குதுன்னு தெரியும். அதனால உட்கார வெச்சுப் பார்த்துட்டுத்தான் கடைசித் தையலை நான் போடுவேன். நீ கடைசித் தையலை எப்ப போட்ட?"

விளக்கை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் குனிந்து அந்த எட்டு போல்ட்டையும் பார்த்தேன்.

லாரியில் இந்த இணைப்புகள் எல்லாம் கிரீஸ் போட்ட இரும்பு முளைகள். எப்போது இறுக்கினாலும் சுற்றும், சொன்னபடி கேட்கும். இந்த ஆக்ஸிலில் இருப்பது ரப்பர் புஷ். இரும்புக் குழலோடு ஒட்டிய ரப்பர். அது சுற்றாது, முறுக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். எந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறோமோ அதுதான் தன் இயல்பான நிலை என்று எடுத்துக்கொள்ளும். நான் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கியிருந்தேன். வண்டி தரையில் நின்ற நிமிடத்திலிருந்து எட்டு ரப்பரும் முறுக்கிக்கொண்டு, இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த அடம்தான் அக்காவின் முதுகில் முட்டியிருக்கிறது. கார் மெக்கானிக் எவனும் செய்யாத தப்பு. லாரிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

"தப்பு என்னோடது மாமா," என்றேன். இந்த வாக்கியத்தை நான் பட்டறையில் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"சரி, பிரிச்சுத் தைக்க முடியுமா?"

"முடியும். சக்கரம் தரையில நிக்கணும், உள்ள ஆள் எடை இருக்கணும். அப்படியே கீழேர்ந்து தளர்த்திட்டு மறுபடி இறுக்கணும். ரெண்டு மணல் மூட்டை போதும்."

மூட்டைக்குக் கணக்கு வேண்டுமே என்று அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, உன் எடை எவ்ளோ?"

"எதுக்கு?"

"மூட்டை கட்டணும்."

"யாரைடா?"

விஷயத்தைச் சொன்னேன். மூச்சு விடாமல் கேட்டாள். என் தப்பு என்ற இடத்தில் மட்டும், இன்னொரு தடவை சொல்லு என்றாள். எடையை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. "நானே வர்றேன், எடையும் கூடவே வரும்," என்று போனை வைத்துவிட்டாள்.

லாரிக்கு அடியில் நின்று வேலை பார்க்க வெட்டி வைத்த அகலமான குழியின் மேல் அந்தச் சின்னக் காரை நிறுத்துவது பெரும்பாடு. நடுவில் பலகை போட்டுத்தான் நிறுத்த முடிந்தது. அக்கா மெதுவாக ஏறி உட்கார்ந்தாள். மாமா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். எப்போதும் இரண்டு பேராகத்தானே போவார்கள், இரண்டு பேர் எடையிலும்தான் இறுக்க வேண்டும். நான் விளக்கோடு குழியில் இறங்கினேன்.

முதல் போல்ட்டைத் தளர்த்தியதும் டக்கென்று ஒரு சத்தம். இரண்டாவது, மூன்றாவது. ஆறாவதைத் தளர்த்தும்போது மொத்த வண்டியும் பெருமூச்சு விட்டதுபோல இறங்கியது.

"டேய், இறங்குதுடா!" என்று மேலிருந்து அக்காவின் குரல்.

"அசையாம உட்காரு!"

மிச்சம் இரண்டையும் தளர்த்தினேன். அந்தக் காரின் தரைத் தகடு அப்பளம் மாதிரி. மேலே கிசுகிசுத்தாலும் கீழே கேட்கும்.

"ஏங்க. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நீயா சொல்லட்டும்னு இருந்தேன். அதுவும் தப்புதான்."

"வலிக்குதுன்னு சொன்னா அடுத்த வாரத்துலேர்ந்து நீங்களே வேண்டாம்பீங்க. ஞாயித்துக்கிழமைன்னா நீங்க ஒரு ரூம்ல, நான் ஒரு ரூம்லன்னு ஆயிடும். என் முதுகாலதான் போச்சுன்னு ஆகறதைவிட, எனக்கே பிடிக்காம வித்துட்டேன்னு இருக்கட்டும்னு நினைச்சேன்."

சீட்டு கிறீச்சிட்டது, மாமா அவள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

"வண்டி போனா நடப்போம். நடக்க முடியலேன்னா வாசல்ல நாற்காலி போட்டு உட்காருவோம். எனக்கு வண்டியா முக்கியம்? ஆனா வலிச்சா சொல்லிடும்மா. நீ ரோட்டைப் பார்த்து ஓட்டுறவ. நான் உன்னையே பார்த்துட்டு வர்றவன். எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே."

"சரி. இனிமே சொல்றேன்."

குழிக்குள் எனக்குக் கண் மறைத்தது. இரண்டு கையிலும் கிரீஸ், துடைக்கவும் முடியவில்லை. தோளில் தேய்த்துக்கொண்டேன். "கீழ ஒருத்தன் இருக்கான், ஞாபகம் இருக்கட்டும்!" என்று கத்தினேன்.

"தெரியும். உனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்," என்றாள் அக்கா.

எட்டு போல்ட்டையும் இறுக்கினேன். இந்தத் தடவை பீற்றிக்கொள்ளவில்லை. வண்டியைக் குழியிலிருந்து வெளியே எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

கால் மணி நேரம் போனது. அரை மணியும் போனது. கையைக் கழுவினேன், மறுபடி கழுவினேன். போன் அடித்தது. மாமா.

"மச்சான், பாலத்தைத் தாண்டி ரோட்டோரமா நிறுத்தியிருக்கோம். அவளுக்கு வலிக்குதாம்."

மேற்கொண்டு என்ன சொன்னார் என்று நான் கேட்கவே இல்லை. கயிற்றைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருந்த லாரியையே எடுத்துக்கொண்டு பறந்தேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். இந்த வேலைக்கு நான் ஒத்துக்கொண்டிருக்கவே கூடாது. நாளைக்குப் பல் டாக்டர் வருவார், சாவியை வாங்கிக்கொள்வார், அதோடு முடிந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மரத்தடியில் கார் நின்றிருந்தது. அக்கா இடுப்பில் கை வைத்து ரோட்டோரத்தில் மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மாமா, கையில் தலையணை.

"ரொம்ப வலிக்குதாக்கா?"

"வலிக்குதுடா. இருபத்திமூணு நிமிஷம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் ஆரம்பிச்சுது. சொன்னேன், நிறுத்திட்டோம்."

"முட்டுதா?"

"முட்டல. உன் வேலை சுத்தம். இது என் முதுகு, அதுக்கு நீ என்ன பண்ணுவ?" கயிறு கண்ணில் பட்டது. "அது எதுக்கு?"

"வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போக."

"யாரு வண்டியை?" என்று பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவனை அதட்டுகிற குரலில் கேட்டாள். "பத்து நிமிஷம் நடந்தா விட்டுடும். அப்புறம் இன்னொரு இருபது நிமிஷம் ஓட்டுவேன். மறுபடி இறங்கி நடப்பேன். ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிறுத்தி ஓட்டுறது எனக்கென்ன புதுசா? நாங்க எப்பவும் போற ஆத்தங்கரை வரைக்கும் மூணு ஸ்டாப்பு. நீ போய் அந்தப் பல் டாக்டருக்கு வேற வண்டி பார்த்துக்கச் சொல்லி ஒரு போன் போடு."

வலிக்கிறது என்று அக்கா சொன்னதைக் கேட்டு இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் வந்த கோபத்தை எங்கேயாவது இறக்க வேண்டுமே. மாமா பக்கம் திரும்பினேன்.

"ஏன் மாமா, சும்மா நடந்துட்டு இருக்கிறதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க? பதறியடிச்சு ஓடி வர்றேன்!"

மாமா தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்கா நடந்து போவதைப் பார்த்தார்.

"உன்னை வரச் சொல்லவே இல்லையே மச்சான். நான் கேட்காமலேயே அவளாச் சொன்னா. அதை யார்கிட்டயாவது உடனே சொல்லணும்போல இருந்துச்சு. அதான் உனக்குப் போன் பண்ணேன்."